மாறியவை: பூஜ்யம்

அகல்யாவின் ஃபோல்டரில் ஒரு கோப்பு மாறியிருந்தது.

ஜெகதீசன் சனிக்கிழமை மத்தியானம்தோறும் செய்கிற வேலை இது. புனேயின் கோந்த்வா பகுதியில் மூன்றாம் மாடி ஃபிளாட், ஜன்னலுக்கு வெளியே விடாத மழை, கொடியில் காயாத துணியின் ஈரவாடை, அதற்கு நடுவே பேக்கப். மாறிய கோப்பின் மேல் கம்ப்யூட்டரே ஒரு குறி போட்டு வைக்கும். குறி விழுந்ததை மட்டும் பேக்கப் பிரதி எடுத்துவிட்டு, குறியை அழித்துவிடும். திறந்து பார்த்தாலோ கேட்டாலோ குறி விழாது. யாராவது உள்ளே எழுதினால்தான் விழும்.

போன வருஷ மழையில், "போயிட்டு வரேன்" என்று ஸ்கூட்டரில் கிளம்பிய அவன் மனைவி அகல்யா லாரிக்கடியில் போனாள். அதன்பின் அவள் ஃபோல்டருக்கு 'மாறியவை: பூஜ்யம்' என்றே வரும். செத்தவர்கள் எதையும் மாற்றுவதில்லை. அதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு மரத்துப்போன நிம்மதி. அழுகையெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. மீனுவுக்கு டிபன் கட்டுவது, தலை பின்னிவிடுவது, பேக்கப் எடுப்பது. அவனுக்கு மிச்சம் மீனு ஒருத்திதான்.

இன்று: ஒன்று.

"மீனு, அம்மா ஃபோல்டரைத் தொட்டியா?"

"நான் டச்சே பண்ணலப்பா" என்றாள், ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்த ஏழு வயது மகள்.

மாறியிருந்தது ஓர் ஒலிப்பதிவு. பள்ளி வேன் வந்த ஒரு காலையில் அகல்யா ஃபோனில் பிடித்தது. "அம்மா, போறேன்" என்பாள் மீனு. புனேயில் பிறந்து ஹிந்தியில் யோசிக்கிற பிள்ளை, எத்தனை சொன்னாலும் அப்படித்தான் சொல்லும். "போறேன்னு சொல்லக்கூடாதுடி. போயிட்டு வரேன்னு சொல்லு" என்பாள் அகல்யா. மீனு சிரிப்பாள். அதோடு முடிந்துவிடும்.

இன்று முடியவில்லை. சிரிப்புக்குப் பிறகு மழைச் சத்தம். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும் சத்தம்.

"போயிட்டு வரேன்னுதானே சொல்லிட்டுப் போனேன்?" அகல்யாவின் குரல்.

ஜெகதீசனுக்குப் பயம் வந்தது, வேறு யாருக்கோ வருவதுபோல. ஆபீஸில் செய்வதையே செய்தான். நெட்டைத் துண்டித்தான். யாரும் எழுத முடியாதபடி கோப்பைப் பூட்டினான். பேக்கப்பை மறுபடி ஓட்டினான்.

மாறியவை: ஒன்று.

கேட்டான். லிஃப்டின் கிரில் கதவு இழுபடுகிறது. ஈரச் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி நடக்கிறது. மறுபடி ஓட்டினான். ஒன்று. செருப்பு நின்றுவிட்டது. மூச்சு மட்டும். மிக அருகில்.

"மீனு, வா. செருப்பைப் போட்டுக்கோ."

ஸ்பீக்கரிலா, ஹாலிலா? தெரியவில்லை.

திரையில் அடுத்த ஃபோல்டர் ஓடியது. மீனுவுடையது. பிறந்தநாள். பள்ளி விழா. கடக்வாஸ்லா அணை. எல்லாப் படத்திலும் குறி. ஒன்றுவிடாமல்.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது.

"அப்பா, போறேன்."

திருத்துகிற குரலுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.

"போயிட்டு வரேன்னு சொல்லு! மீனு! சொல்லுடி!"

ஓடினான். கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. கதவுக்கு உள்பக்க மிதியடியில் அவள் செருப்பு இல்லை. தரையெல்லாம் ஈரம். பாதி வரைந்த படத்தின் மேல் ஒரு கிரேயான் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

உள்ளே பேக்கப் தானாகவே மறுபடி ஓடி முடிந்திருந்தது.

அகல்யா. மாறியவை: பூஜ்யம்.

மீனு. மாறியவை: பூஜ்யம்.