பெட்டிக்குப் பின்னால் வந்த வெளிச்சம்

வவுணதீவு வயல் வட்டையில் வெட்டிய நெல்லை ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரம் வீதிக்கு ஏறும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. உதயரூபன் ஓட்டினான். அவன் மனைவி தனுஷா பக்கத்தில், பெரிய சில்லுக்கு மேலே மட்காட்டில் இருந்தாள். பின்னால் கொளுவியிருந்த இழுவைப் பெட்டியில் நெல் மூட்டைகள். பெட்டியின் லைட் எரியவில்லை. அதனால் தனுஷாவின் தம்பி நிதுர்ஷன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து வெளிச்சம் காட்டுவதாகப் பேச்சு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற ஏற்பாடுதான்.

லைட் எரியாமல் போனது பெட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்த நாளிலிருந்து. பழைய பெட்டி அது. வாங்கும்போதே பின்பலகை உள்ளே நெளிந்திருந்தது. இருட்டில் லைட் இல்லாமல் நின்ற பெட்டியில் ஒரு பொடியன் பைக்கோடு மோதிச் செத்ததாக விற்றவரின் அயலவர்கள் சொன்னார்கள். உதயரூபன் பலகையைத் தட்டி நிமிர்த்தி, இரண்டு பூச்சுப் பூசி, கதையையும் மறந்துவிட்டான். பெயின்ட் அடித்தால் எல்லாம் சரி என்று நினைக்கிற மனுசன்.

"தம்பி வாறான்," என்றாள் தனுஷா.

பின்னால் ஒற்றை வெளிச்சம் தெரிந்தது.

வாவிக்கரை வந்ததும் இருள் நன்றாக இறங்கியது. சேற்று வாடை மூக்கில் ஏறியது. கரைச் சதுப்பில் நின்ற கண்ணா மரங்களுக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. உதயரூபன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த வெளிச்சமும் குறைத்தது. நிறுத்தினான்.

அதுவும் நின்றது.

எஞ்சினை அணைத்தான். மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்கவேயில்லை.

தனுஷாவின் போன் அடித்தது. "அக்கா, இப்பதான் வட்டையால வெளிக்கிடுறன். பறந்து வந்து பிடிச்சிருவன்," என்றான் நிதுர்ஷன். சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் திரும்ப எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் பைக்கை ஓடத் தொடங்கிவிட்டான்.

"அப்ப அது ஆரு?"

"பாக்காதகா," என்றான் உதயரூபன். "டோர்ச்சைப் பிடி. தம்பி வாற வேகத்துக்கு, லைட் எரியாட்டி இந்தப் பெட்டி அவன்ட கண்ணுல படாது."

பியூஸ் நல்லாயிருந்தது. கொளுவும் இடத்தில் பிளக்கைக் கழற்றி டெஸ்டரை வைத்தான், கரண்ட் வந்தது. அப்படியென்றால் கரண்ட் திரும்பிப் போகிற ஏர்த் வயர்தான் பிழை. ஏர்த் வயரை முடுக்கிய போல்ட்டையும் சேர்த்து மூடிப் பெயின்ட் அடித்திருக்கிறான்; வயர் இரும்பில் தொடவில்லை. அந்த போல்ட் பின்பலகைக்குக் கீழே இருந்தது.

பின்பக்கம் போகத்தான் வேண்டும்.

அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். கத்தியால் சுரண்டினான். நீலப் பலகையில் அவனுடைய நிழல் விழுந்தது.

நிழல் பெருத்துக்கொண்டே வந்தது.

"இஞ்சாருங்க," தனுஷா கிசுகிசுத்தாள். "கிட்ட வருது."

முருகா, முருகா என்று முணுமுணுத்தபடி சுரண்டினான். பெற்றோல் மணத்தது. பிடரியில் சூடு பட்டது. இரும்பு தெரிந்ததும் வயரை வைத்து போல்ட்டை இறுக்கினான்.

இரண்டு பக்கமும் சிவப்பு லைட் எரிந்தது. பலகையில் நிழல் இல்லை. திரும்பினால் வெறும் இருட்டு.

வீடு வந்து சேரும்வரை இருவரும் பின்னால் பார்க்கவில்லை; லைட் எரிகிறதா என்றும் பார்க்கவில்லை. பெட்டியை வீட்டு வளவின் ஓரத்தில் விட்டு, பிளக்கைக் கழற்றி, உழவு இயந்திரத்தை முன்னால் எடுத்து நிறுத்தினான்.

சற்று நேரத்தில் நிதுர்ஷன் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"என்ன அத்தான், லைட்டைச் செய்யாமலே வந்திட்டீங்க?"

"செஞ்சிதானே வந்தன்! எரிஞ்சதே!"

"ஒண்டும் எரியல்ல. வளைவுல நான் நல்ல ஸ்பீட். உங்களுக்குப் பின்னால ஒருத்தன் பைக்கில போனானே, அவன்ட சிவப்பு லைட் கண்ணுல பட்டுத்தான் பிரேக் அடிச்சன். இல்லாட்டி பெட்டியில மோதிச் செத்திருப்பன்."

தனுஷா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு மறுகா அவன் எங்க போனான்?"

"என்னக்கா கேக்கிறீங்க? உங்கட வளவுக்குள்ளதானே கிறுகிப் போனான்."

உதயரூபன் மெதுவாகப் பெட்டியடிக்குப் போனான். பிளக் மண்ணில் கிடந்தது. பெட்டியின் லைட் இரண்டும் செத்திருந்தன. ஆனால் பின்பலகைக்கு இரு கை விரித்த ஒரு பாகத் தூரம் பின்னால், வெறும் காற்றில், ஒற்றைச் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டு நின்றது.

அவன் ஓரடி எடுத்து வைத்தான்.

பிரேக் பிடித்ததுபோல் அது இன்னும் சிவந்தது.