வண்டி பிடித்தாயிற்று

சந்தை விடுமுறை நாளில் போன் தானாக ஒரு லாரிக்கு வாடகை பேசிக்கொண்டிருந்தது.

செபாஸ்தியம்மாள் அடுப்படியில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே ஐப்பசித் தூறல் நிற்காமல் தூறியதில் சாயங்காலத்துக்கு முன்பே வீட்டுக்குள் இருட்டு கட்டியிருந்தது. நனைந்த சாக்கின் வாடையும் அணைந்த மெழுகுவத்தியின் வாடையும் முன்னறையிலிருந்து ஒன்றாகக் கலந்து வந்தன. அங்கே மாலை போட்ட படத்துக்குக் கீழே சார்ஜில் கிடந்த போனில், ஆல்வினின் குரல் யாரிடமோ தணிவாகச் சொன்னது:

"சரிங்க. மண்ணு ஈரமா இருக்கும். பாத்து."

ஆல்வினைப் புதைத்து இன்னும் நாற்பதாம் நாள் வரவில்லை.

அவள் மகன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறித் தரகு பார்த்தவன். போன வருடம் போனில் ஓர் ஏஐ ஏஜென்டைப் போட்டு, தன் குரலையே அதற்குப் பழக்கிக் கொடுத்தான். கேரளத்துக் கடைக்காரரின் ஏஜென்ட் முருங்கைக்காய் கேட்டால், இது லாரிக்காரரின் ஏஜென்டைத் தேடிப் பிடிக்கும். அது சுமை ஏற்றுகிறவர்களின் ஏஜென்டைப் பிடிக்கும். வேலை முடிந்ததும் தங்களுக்குள் பணம் அனுப்பிக்கொள்ளும். நடுவில் மனிதர் முகம் பார்ப்பதில்லை. ஆல்வின் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: சரக்குக்குத் தக்க வண்டி. ஒரு கூடைக்கு லாரி பிடிக்கிறவன் தரகனே இல்லை என்பான்.

பழனி ரோட்டில் அவன் லாரிக்கு அடியில் போன அன்றும் அது லோடு அனுப்பியது. "செத்தும் குடுத்தான் சீதக்காதின்னு சொல்லுவாங்க. ஒங்க புள்ள செத்தும் வேல பாக்குதுக்கா," என்றாள் பக்கத்து வீட்டு ஆரிபா, ஆறுதலாக நினைத்துக்கொண்டு. செபாஸ்தியம்மாள் அதை அணைக்கவில்லை. "அம்மா, சாப்டியா?" என்று கேட்க அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? கல்லறைத் திருநாளுக்கு அவன் கல்லறையைக் கூட்டி வெள்ளையடிக்கவும் அதனிடமே ஆள் பார்க்கச் சொன்னாள். பார்த்தது.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"இன்னைக்கு என்ன லோடு?"

"லோடு இல்லம்மா. ஆல்வினக் கூட்டிட்டு வரத்தான். காலையில நீதான சொன்ன."

காலையில். ஏஜென்ட் கணக்கைப் புதுப்பிக்க ஆல்வினின் பெருவிரல் ரேகை வேண்டும் என்றது போன். இன்றைக்குள் வைக்காவிட்டால் இந்தக் குரல் நின்றுவிடும் என்றது. ஆல்வின் எங்கே இருக்கிறார் என்று கேட்டது. இதையும் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. "ஒனக்குத் தெரியாதாக்கும்? நீ ஆளு வச்சு வெள்ளையடிச்ச எடத்துலதான் படுத்துருக்கான். போ, போய்க் கூட்டிட்டு வா," என்றாள்.

சரிம்மா என்றது. அவ்வளவுதான். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

இப்போது போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கிக் கையில் எடுத்தாள்.

"யாரு யாருகிட்ட பேசுன?"

"வெள்ளையடிச்சவரோட ஏஜென்ட் தோண்டுறதுக்கு ஆளு சொல்லுச்சு. அந்த ஆளோட ஏஜென்ட் வண்டி சொல்லுச்சு. எல்லாத்துக்கும் முன்பணம் போயிருச்சும்மா."

"நிறுத்து."

"நிறுத்த ஆல்வின் விரல் வைக்கணும்மா."

தோண்டுகிறவரைக் கூப்பிட்டாள். எடுத்தது அவருடைய ஏஜென்ட். ஒரு பெண் குரல், பணிவாக: "ஆளு வேலையில இருக்காருங்க. முடிஞ்சதும் பேசச் சொல்றேனுங்க." வண்டிக்காரரைக் கூப்பிட்டாள். அதே பணிவு, வேறு குரல். தோண்டுகிறவனுக்குத் தோண்டுவது மட்டும் தெரியும். ஓட்டுகிறவனுக்கு ஓட்டுவது மட்டும். முழுதாகத் தெரிந்தவர் எங்கும் இல்லை. அதட்டுவதற்குக்கூட ஒரு மனிதன் இல்லை. குடையைத் தேடினாள். செருப்பு ஒன்றுதான் காலில் மாட்டியது. கதவின் மரத்தாழ்ப்பாள் ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

"அம்மா, லாரிய வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கை நின்றது.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

போனை மடியில் வைத்து வாசற்படியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்தது. இத்தனை நாளும் அந்தக் குரலை அவள் பேர் சொல்லி அழைத்ததில்லை. இப்போது அழைத்தாள்.

"நல்லாருப்ப ஆல்வின். நல்லவேளை வேண்டாம்னுட்ட."

"ஆமாம்மா. அம்புட்டுக்கு லாரி எதுக்கு?"

தூறல் சத்தம்.

எம்புட்டுக்கு என்று கேட்க வாயெடுத்தாள்.

தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. மெதுவாக வந்தது. வீட்டு எண்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. நின்றது.

கதவு இடுக்கு வழியே மண் வாடை. சுண்ணாம்பு வாடை. அடியில் இன்னொரு வாடை.

"அம்மா, பார்சல்," என்றான் வெளியே ஒருவன். மழைக்கோட்டுக்குள் மூச்சு வாங்கியது. "கனமில்ல. நீங்களே வாங்கிக்கலாம்."

தாழ்ப்பாள் அவள் இழுத்த இழுப்பில் பாதி வந்திருந்தது. கதவு தானாக விலகியது. அவன் நீட்டிய கையில் மல்லிகைப்பூ அனுப்புகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, அதிலும் சின்னது. மூடியின் ஓரத்தில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த வாசற்படி சிவந்திருந்தது, செம்மண்ணாகவும் இருக்கலாம்.

அவள் மடியில் போன் விழித்தது. திரையில் விரல் வைக்கும் வட்டம் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கிக் காத்திருந்தது.

"அம்மா," என்றான் ஆல்வின். "ஈரமில்லாமத் தொடச்சு வையி."