ஐந்து நொடி இடைவெளி

நூற்றுப் பதினேழாவது படத்தில், மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் சரியாக இல்லை.

லென்ஸில் தூசி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். முக்காலியில் நின்ற கேமரா முப்பது நொடி கண்ணைத் திறப்பதும், ஐந்து நொடி மூடுவதும், மறுபடி திறப்பதுமாகத் தன்பாட்டுக்கு வடக்கு வானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடியும்வரை எடுத்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், துருவ நட்சத்திரத்தைச் சுற்றி மற்ற நட்சத்திரங்கள் வட்டம் வட்டமாக ஓடிய தடம் ஒரே படத்தில் தெரியும். அழகுக்காக, கீழே சுவரும் இடது ஓரத்தில் மாடிப்படிக் கதவும் விழும்படி வைத்திருந்தாள். ஒவ்வொரு படமும் எடுத்த கையோடு அவள் போனுக்கு வந்துவிடும். இப்போது வந்த படத்தில், தூரத்து மூலையில், ஓர் ஆள் உயரத்துக்கு நட்சத்திரங்களே இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். மூலை காலி. நட்சத்திரங்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

அவள் எக்ஸ்ரே எடுப்பவள். நிழலைப் படிப்பதுதான் பிழைப்பு. மேகமென்றால் ஓரம் கலங்கியிருக்கும். இதன் ஓரமோ எலும்பின் ஓரம்போலத் தெளிவாக இருந்தது. இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். இருட்டில் முப்பது நொடி திறந்திருக்கும் கேமராவுக்கு முன்னால் யார் நடந்து போனாலும் தடம் இருக்காது. நகர்வது பதியாது. நிற்பதுதான் பதியும். அங்கே எதுவோ முப்பது நொடி மூச்சுகூட விடாமல் நின்றிருக்கிறது.

அடுத்த படத்தில் அது சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்திருந்தது. அதற்கடுத்ததில் தோள் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஏ.சி.யின் இரைச்சல் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்துத் திறந்தாற்போல ஒரு வாடை மட்டும் காற்றில்லாத இரவில் மெல்ல அவள் பக்கம் வந்து, தொண்டைவரை இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது.

போனையும் கேமராவின் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

கணவரை அழைத்தாள். நாலாவது மணியில் எடுத்தார்.

"ஏங்க, கதவைத் திறங்க."

"எதுக்கு? எங்கக்கா வீட்டுக்கு வான்னா வானம் தெளிவா இருக்குன்ன. நல்லாப் பாரு, விடிய விடியப் பாரு."

"இங்க யாரோ இருக்காங்க."

"இருந்தா பேச்சுத்துணைக்கு ஆச்சு. நானும் இத்தனை வருஷமாப் பேசிப் பாக்குறேன், உனக்குக் காதே கேக்கல."

"விளையாடாதீங்க. பயமா இருக்கு."

"அப்படியா? இருக்கட்டும்."

வைத்துவிட்டார். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. கதவை உள்ளங்கையால் அறைந்தாள். தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

நூற்று இருபத்தாறாவது படம். முக்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கருப்பு. கழுத்து மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, எதையோ ஒட்டுக்கேட்பதுபோல. கேமராவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்து நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும்போதெல்லாம் அது நிற்கிறது. மூடும் அந்த ஐந்து நொடியில் வருகிறது.

மூடாமல் விட்டால்?

போனிலேயே கேமராவை நிறுத்தி அமைப்பை மாற்றினாள். ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் திறக்க வேண்டும். மறுமுறை அழுத்தும்வரை மூடக் கூடாது. இரண்டு தடவை தப்பாகத் தொட்டாள். இருபது நொடி போயிருக்கும். அந்த இருபது நொடியும் சிமெண்டுத் தரையில் ஒரு சத்தம். காய்ந்த தோலை இழுப்பதுபோல. கிட்டே. இன்னும் கிட்டே.

அழுத்தினாள். க்ளிக்.

சத்தம் நின்றது.

எங்கே நின்றது? தெரியாது. ஷட்டர் மூடினால்தான் படம் வரும். மூட முடியாது.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க. நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்வது. இப்போது தனக்கே சொல்லிக்கொண்டாள். எதிரே வெறும் இருட்டு. அந்த வாடை. ஒரு நிமிடம். நாலு நிமிடம். கண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது. துடைக்கவில்லை. ஒன்பது நிமிடம்.

படியில் செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. கதவு உள்பக்கம் போக, அவள் சாய்ந்து விழப் பார்த்துச் சுதாரித்தாள். வாசலில் கணவர், இருட்டிலேயே.

"எங்க உன் விருந்தாளி?"

"மெதுவாப் பேசுங்க. அசையாதீங்க."

அவர் எட்டிப் பார்த்தார். வலமும் இடமும் பார்த்தார். சிரித்தார். "கையில என்னது அது?"

"தொடாதீங்க. உங்க கால்ல விழறேன், அதை மட்டும் தொடாதீங்க."

அவள் கெஞ்சியதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. ரிமோட்டைப் பிடுங்கினார். அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, வேண்டுமென்றே அழுத்தினார்.

க்ளிக்.

"ஒண்ணும் ஆகலையே? போ. போய்ப் பைத்தியம் முத்துனதுக்கு வைத்தியம் பாரு." ரிமோட்டைத் தரையில் எறிந்துவிட்டுப் படியிறங்கினார். "கதவு திறந்துதான் இருக்கு. வந்தா வா."

போன் அதிர்ந்தது. படம் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒன்பது நிமிடத்தில் நட்சத்திரங்கள் சின்னச் சின்னக் கோடுகளாகியிருந்தன. இடது ஓரத்தில் கதவு. கதவில் ஒட்டியபடி அவள். அசையாமல் நின்றதால் தெளிவாக விழுந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் அது குனிந்திருந்தது. அவள் உயரத்துக்கு. நெற்றியோடு நெற்றி படுமளவு. இரண்டு நீளக் கைகளும் அவளுக்கு இருபுறமும் கதவில் ஊன்றியிருந்தன.

ஒன்பது நிமிடமும்.

அவள் நிமிர்ந்தாள். அந்த வாடை இல்லை. முன்னால் இல்லை. திறந்த கதவுக்குள், படிக்கட்டில், கீழே போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க..." குரல் எழவில்லை.

கீழே கட்டில் கிறீச்சிட்டது. சற்றுப் பொறுத்து, மறுபடி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு கணவரின் குரல், பல வருடமாக அவள் கேட்காத கனிவோடு:

"அதுக்குள்ள வந்துட்டியா? சரி, சரி... கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"