தொண்ணூற்று நாலு, நாட் அவுட்!

ஜெனிட்டாவின் வீட்டில் ஒரு டேபிள் ஃபேன் உண்டு. நல்ல ஃபேன்தான். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று தலையைத் திருப்பித் திருப்பி எல்லாருக்கும் காற்றுக் கொடுக்கும். ஆனால் பாருங்கள், அண்ணன் ஆல்வினுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததிலிருந்து அது ஒரே பக்கம்தான் பார்த்தது. ஆல்வின் பக்கம்.

"படிக்கிற புள்ளைக்குக் காத்து வேணாமா?" என்று சொல்லி, ஃபேனின் பின்னால் இருக்கும் குமிழை அம்மா ரெபேக்காள் இழுத்துவிட்டிருந்தாள்.

தேர்வு முடிந்தது. மே மாதமும் வந்தது. ஃபேன் மட்டும் திரும்பவே இல்லை.

சரி, ஃபேன் போனால் போகட்டும். மீனும் அப்படித்தான். சங்கரா மீன் வறுத்தால் நடுத்துண்டு ஆல்வினுக்கு, வால் துண்டு ஜெனிட்டாவுக்கு. நுங்கு வாங்கினால் இளசு அவனுக்கு, முற்றல் இவளுக்கு.

இதையெல்லாம்கூட ஜெனிட்டா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது கேசரி.

பத்தாம் வகுப்பில் ஆல்வின் கணக்கில் வாங்கியது முப்பத்தெட்டு. முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்திரிப் பருப்பு போட்டு ஒரு சட்டி கேசரி கிண்டினாள். "புள்ள பாஸாயிட்டான்னு சொல்லிக் குடுத்துட்டு வா" என்று தெரு முழுக்க அனுப்பினாள். யாரை? ஜெனிட்டாவைத்தான்!

அதே வாரம் ஜெனிட்டாவின் மதிப்பெண்ணும் வந்தது. ஆறாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்று நாலு.

"அம்மா! கணக்குல தொண்ணூத்தி நாலு!"

"அப்டியா? நீ எப்பவும் வாங்குறதுதான? போ, பைப்புல தண்ணி வந்துகினு கீது. கொடத்த வை."

ஜெனிட்டா குடத்தை வைத்தாள். நெஞ்சுக்குள் புளியங்காயைக் கடித்த மாதிரி இருந்தது.

அடுத்து வந்தது பதினொன்றாம் வகுப்புப் பேச்சு. அப்பா தேவசகாயம் மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்.

"இன்னா நைனா, இன்னா குரூப் எடுக்கப் போற?"

"காமர்ஸ்பா. மூணு பாடம் அவங்களே குடுத்துருவாங்க. நாலாவத நாம எடுத்துக்கலாம். பிசினஸ் மேக்ஸ் கீது, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் கீது."

"உனக்குத்தான் கம்ப்யூட்டர்ல கேம் செய்யுற படிப்பு வேணுமே? அந்தச் செங்கல்பட்டு காலேஜ்ல? அப்போ கம்ப்யூட்டர எடு. இதுல இன்னா யோசனை?"

"அதான்பா! அது ஈஸியும்கூட. கணக்குக்கு ஒரேயடியா கும்பிடு!" ஆல்வின் சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜெனிட்டா சிரிக்கவில்லை. கஷ்டமாக இருந்தால் வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாமா? இது நன்றாக இருக்கிறதே!

"அப்பா, எனக்கு சமூக அறிவியல் வரல. நானும் வேற எடுத்துக்கட்டா?"

"ஆறு, ஏழுல அதெல்லாம் கெடையாது. கம்முனு சாப்புடு" என்றாள் அம்மா.

தட்டில் வால் துண்டு கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனை முடிந்து ஜெனிட்டா திரும்பிக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டுக் கவியா அக்கா பெரிய பையோடு நின்றாள். ஆல்வின் ஆசைப்பட்ட அதே கல்லூரியில், அதே படிப்பில், முதல் ஆண்டு படிப்பவள். விடுமுறைக்கு வந்துவிட்டு விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ஆல்வின் இன்னா பாடம் எடுக்குறான் ஜெனி?"

"கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்."

"ஐயையோ!" கவியா பையைக் கீழே வைத்தாள். "பேருல கம்ப்யூட்டர் இருக்குதுன்னு எல்லாரும் இப்படித்தான் ஏமாந்து போறாங்க. எங்க காலேஜ்ல கணக்கு இல்லாம சேக்கவே மாட்டாங்க. பெரிய கணக்குகூட வேணாம், பிசினஸ் மேக்ஸ் போதும். அது கொஞ்சம் ஈஸிதான். சராசரி, சதவீதம், வட்டின்னு வரும். நாளைக்கே பள்ளிக்கூடத்துல பாடத்தச் சொல்லணுமே? மறக்காம அவன்கிட்டச் சொல்லிடு!"

பஸ் வந்தது. கவியா ஏறிப் போய்விட்டாள்.

ஜெனிட்டா மெதுவாக நடந்தாள். அவள் தலைக்குள் ஒரு சின்னக் குரல், 'சொல்லாதே' என்றது. 'ஈஸி வேண்டும் என்று கேட்டது அவன்தானே? எடுத்துக்கொள்ளட்டும்.'

"கவியாகிட்ட நின்னு பேசிகினு இருந்தியே, இன்னா சொன்னா?" என்று கேட்டாள் அம்மா.

"ஒன்னுமில்ல."

அன்றைக்கும் நடுத்துண்டு ஆல்வினுக்குத்தான் போனது. ஜெனிட்டா வாலைக் கடித்தாள். முள் குத்தியது.

சாயங்காலம் கடற்கரையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி. அரையிறுதி. மைக்கில் வர்ணனை செய்வது யார் தெரியுமா? ஆல்வின்தான். அம்மா கொடுத்த தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டிவிட்டு, ஜெனிட்டா மணலில் உட்கார்ந்தாள்.

"மட்டை புடிக்கிறாரு நம்ம மோகன் அண்ணாத்த! இன்னும் பதினெட்டு பந்து, முப்பத்தோரு ரன் வேணும். ஓவருக்குப் பத்து புள்ளி மூணு மூணு!"

மோகன் பந்தைக் கடல் பக்கம் விரட்டினார். நாலு ரன். இனிமேல் பதினேழு பந்தில் இருபத்தேழு. ஜெனிட்டா ஒரு குச்சியை எடுத்து மணலில் வகுத்துப் பார்க்கத் தொடங்கினாள். பாதிகூட முடிக்கவில்லை.

"ஒம்போது புள்ளி அஞ்சு ரெண்டு!" என்று மைக் கத்தியது.

அவள் வகுத்து முடித்தாள். ஒன்பது புள்ளி ஐந்து இரண்டு.

ஜெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபேன் அவனுக்கு. மீன் அவனுக்கு. கேசரி அவனுக்கு. கணக்கு ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதிலுமா இவன் முந்திக்கொள்ள வேண்டும்? குச்சியை ஒடித்துத் தூர எறிந்தாள்.

எறிந்த பிறகுதான் யோசித்தாள். முப்பத்தெட்டு வாங்கியவனா இவன்? தாளும் இல்லை, பேனாவும் இல்லை, வாயாலேயே வகுக்கிறானே!

ஆட்டம் முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். சிற்பப் பட்டறைகளின் முன்னால் கல் யானைகள் வரிசையாக நின்றன. ஆல்வின் ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டிக்கொண்டே வந்தான்.

"ஜெனி, நான் செய்யப் போற மொத கேம்ல யானை வரும். அதுக்கு உன் பேருதான் வெப்பேன்."

"இன்னாது? நான் யானையா?"

"பின்ன? நீதான் கோவம் வந்தா காத வெடச்சிகினு நிப்ப."

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. நாளைக்கு அவன் தப்பான பாடத்தைச் சொல்லிவிட்டால் கேமும் இல்லை, யானையும் இல்லை.

"அண்ணா, நில்லு." மூச்சு விடாமல் சொன்னாள். "கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எடுத்தா அந்தக் காலேஜ்ல சேக்க மாட்டாங்களாம். பிசினஸ் மேக்ஸ் வேணுமாம். கவியாக்கா சொன்னாங்க. காலையிலேயே சொன்னாங்க."

ஆல்வின் திகைத்து நின்றான். "காலையிலயா? இவ்ளோ நேரம் ஏண்டி சொல்லல?"

"பொறாமை" என்றாள் ஜெனிட்டா. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "உன் முப்பத்தெட்டுக்குக் கேசரி. என் தொண்ணூத்தி நாலுக்குக் கொடம்."

ஆல்வின் ஒரு கல் யானையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அட லூசு! எனக்குத்தான் உன்னப் பாத்துப் பொறாமை. உன் பேர எடுத்தாலே எல்லாரும் 'கணக்குப் புலி'ங்கிறாங்க. நான் பாஸானா அம்மா அழுவுறாங்க! நான் ஃபெயிலாயிடுவேன்னு பயந்து பயந்துதான கேசரி கிண்டுனாங்க?"

இப்படி ஒன்றை ஜெனிட்டா நினைத்துப் பார்த்ததே இல்லை.

"போச்சு, விடு" என்றான் ஆல்வின். "மறுபடியும் கணக்குன்னா என்னால ஆவாது. காலேஜும் வேணாம், கேமும் வேணாம்."

"பதினேழு பந்து, இருபத்தேழு ரன்?" என்றாள் ஜெனிட்டா திடீரென்று.

"ஒம்போது புள்ளி அஞ்சு ரெண்டு."

"பன்னெண்டு பந்து, பத்தொம்போது ரன்?"

"ஒம்போதர. இப்போ எதுக்குடி இது?"

"இதான் சராசரி! இதான் கணக்கு! பிசினஸ் மேக்ஸ்ல இதான் வரும்னு அக்கா சொன்னாங்க. உனக்குக் கணக்கு வருது அண்ணா. தாளப் பாத்தாதான் பயம் வருது. தாள்ல நான் சொல்லித் தரேன்."

"நீ ஏழாவதுடி. எனக்கு பதினொன்னாவது."

"அப்போ ரெண்டு பேரும் சேந்து கத்துக்கலாம். இன்னா இப்போ?"

ஆல்வின் யானையைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவள் காது விடைத்துக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் அப்பாவின் ஆட்டோவில் மூவரும் பள்ளிக்குப் போனார்கள். அங்கே பாடங்களைப் பதிந்துகொண்டிருந்த வெங்கடேசன் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆல்வினைப் பார்த்தார்.

"பிசினஸ் மேக்ஸா? நீயா? எல்லாரும் கணக்க வுட்டு ஓடுறாங்க, நீ கணக்கத் தேடிகினு வர்றியே! யார நம்பிடா?"

"வீட்டுல கோச் கீறாங்க சார்" என்று ஆல்வின் ஜெனிட்டாவைக் காட்டினான்.

சார் கோச்சை மேலும் கீழும் பார்த்தார். கோச்சின் தலையில் இரட்டைப் பின்னல், கையில் பாதி கடித்த மாங்காய்.

"சரிதான்" என்று சொல்லி, சார் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று இரவே ஆல்வின் எழுந்து போய் ஃபேனின் குமிழை அழுத்தினான். பல மாதம் கழித்து அது கழுத்தைத் திருப்பி ஜெனிட்டாவைப் பார்த்தது. க்ரீச் என்று ஒரு சத்தம் வேறு போட்டது.

அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. ஊரே கடற்கரையில் இருந்தது. அம்மாவும் வந்திருந்தாள். பரிசு கொடுக்கும் முன் ஆல்வின் மைக்கைத் தட்டினான்.

"ஒரு முக்கிய அறிவிப்பு! இந்த சீசன்ல நம்ம தெருவுலயே பெரிய ஸ்கோர் அடிச்சவங்கள எல்லாரும் மறந்துட்டோம். கணக்கு மைதானத்துல, தொண்ணூத்தி நாலு, நாட் அவுட்! எங்க தங்கச்சி, ஜெனிட்டா!"

எந்த மைதானம் என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனாலும் கை தட்டினார்கள். மோகன் விசில் அடித்தார். அப்பா ஓடிப் போய் ஆட்டோ ஹாரனை விடாமல் அழுத்தினார்.

அம்மா மட்டும் கை தட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து, ஜெனிட்டாவின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

"கேசரிக்கு முந்திரி எவ்ளோ போடட்டும்டி?"

ஜெனிட்டா கண்ணை மூடி, மனக்கணக்கு போட்டுப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி நாலு!" என்றாள்.