பத்தடி தள்ளி

அக்கா வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்யப் பட்டப்பகலில்தான் போனேன். ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் உள்ளே பெயிண்ட் வாடை. அவள் செத்து ஆறு மாதமாகிறது. இன்னுமா போகாது?

"சுவத்தைப் பாத்துத் திரும்பி இருந்துச்சு தம்பி," என்று வீட்டுக்காரம்மா ஒரு படத்தைக் கொடுத்தார். "கடைசி நாள் காலையில வரைஞ்சது."

மேசை, அலுமினியக் கெட்டில், ஒரு வெள்ளைக் கப், மருந்து பாட்டிலின் மூடி. பாட்டிலைக் காணோம். எல்லாம் அவள் பாணியில் திட்டுத் திட்டாக. கண்ணால் பார்க்காததை அவள் வரையவே மாட்டாள். "கிட்ட நின்னு மோப்பம் பிடிக்காதேடா, பத்தடி தள்ளி நின்னு பாரு" என்று என்னைத் திட்டுவாள். நான் படத்துக்குச் சட்டம் போடுகிறவன். எனக்கு ஓரம்தான் கண்ணில் படும்.

வீட்டு முன்னறைதான் என் கடை. படத்தைக் கிடத்தி அளவெடுத்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"அக்கா ரூம்ல."

சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் விரல் பிசுபிசுத்தது. கெட்டில் இன்னும் காயவில்லை.

"பத்தடிடா."

காதோரம்தான் கேட்டது.

படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். கெட்டிலின் பளபளப்பில் இருந்த மஞ்சள் திட்டு ஒரு சால்வையாக மாறியது. என் மனைவிக்கு நான் வாங்கிக் கொடுத்த சால்வை. பழுப்புத் தீற்றல், ஒரு கை. அந்தக் கையில் பாட்டில், கப்புக்கு மேல் தலைகீழாக.

அக்கா செத்த அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவள்! என் அக்காவைத் தாய் மாதிரி பார்த்துக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, முட்டாள். கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள். அக்காவும்தான் என்ன செய்வாள், பாவம். வரையும்போது அவளும் கிட்டத்தில்தானே உட்கார்ந்திருந்தாள்.

"டீ ஆறிடும், குடிங்க."

முதுகுக்குப் பின்னால் நின்றாள். எப்போதும் போலச் சிரித்தாள். பிடி உடைந்த என் நீலக் கப்பை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.

படத்தைப் பார்த்தேன்.

வெள்ளைக் கப்புக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நீலக் கப் இருந்தது. பிடி உடைந்தது. அதனருகே இரண்டாவதாக ஒரு மூடி.

பெயிண்ட் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.