வயதைக் கேட்டவன்

பதினோராவது கடையின் படியில் கால் வைத்தபோதுதான் மழை பிடித்துக்கொண்டது. நெற்றியில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தபடி உள்ளே நுழைந்தவள், அதற்கு முந்தைய பத்துக் கடைகளிலும் சொன்ன அதே வசனத்தை இங்கும் ஒப்பித்தாள்.

"ஒரு சிகரெட் பாக்கெட் குடுங்க."

அந்தப் பத்துப் பேரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எடுத்தார்கள், நீட்டினார்கள், அடுத்த ஆளைக் கவனித்தார்கள். இவன் மட்டும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான். நிமிர்ந்தான். பார்த்தான்...

முப்பது வயது இருக்கலாம். மழை இருட்டில் அந்தக் கடையிலேயே வெளிச்சமாக இருந்தவை அவன் கண்கள்தான். அவசரமே இல்லாத கண்கள்.

"உனக்கு எத்தனை வயசும்மா?"

"இருபத்தாறு."

"அப்படியா... எனக்கு அறுபது."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆள் குள்ளம், ஒல்லி, ஒற்றைப் பின்னல். தெருவில் எல்லோரும் அவளைக் 'குருவி' என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் தட்டி வைத்தாள். அவன் அதிலிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தான். படிக்கப் படிக்க அவன் காது மடல் சிவந்தது.

"மன்னிச்சுக்கங்க... வயசு சரியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? இது உங்களுக்கு வேண்டாமே."

"சரி, வேண்டாம்."

"என்னது?"

"மனசு மாறிடுச்சு."

"நான் சொல்லி ஒருத்தர் கேக்கறது இதுதான் முதல் தடவை," என்றான் அவன், நம்ப முடியாமல். பிறகு வெளியே பார்த்தான். "மழை விடற வரைக்கும் நில்லுங்க. நிக்கறதுக்கு வயசு கேக்க மாட்டேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றாள். மழை அரை மணி நேரத்தில் விட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பெய்திருக்கக் கூடாதா...

அவள் வேலை பார்த்தது பல் மருத்துவமனையில். பல்லில் படிந்த கறையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலை. பெரியவர்கள் பல்லில் சிகரெட் கறை இருந்தால் அது அவர்கள் பாடு. ஆனால் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாயைத் திறக்கும்போதும் அதே பழுப்புக் கறை... அம்மாக்காரி பக்கத்தில் நின்று, "டீ நிறைய குடிப்பான்" என்பாள். பிள்ளை கூரையைப் பார்க்கும். இவள் ஒன்றும் சொல்லாமல் சுரண்டுவாள். அப்படிப் பல நாள் பேசாமல் இருந்து அலுத்துப்போய்த்தான், பிள்ளைகளுக்குச் சிகரெட்டும் பீரும் விற்பதைத் தடுக்க அந்தப் பகுதியில் தொடங்கிய ஒரு குழுவில் சேர்ந்தாள்.

குழுவை நடத்தியவர் ஒரு பேருந்து ஓட்டுநர். எல்லோருக்கும் அவர் டிரைவர் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் பின் சீட்டில் பீர் பாட்டிலை மறைத்துக் கைமாற்றுவதைக் கண்ணாடியில் பார்த்தவர். அவர் போட்ட திட்டம் சுலபமானது. பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும் பெரியவர்கள் கடைகடையாகப் போய்ச் சிகரெட்டோ பீரோ கேட்க வேண்டும். கடைக்காரர் வயதைக் கேட்டால் பட்டியலில் ஒரு சரி போட்டுவிட்டு, வாங்காமல் வந்துவிட வேண்டும். கேட்காமல் கொடுத்தால் இன்னொரு நாள் போய் உட்கார்ந்து பேசிப் புரியவைக்க வேண்டும். இரண்டாவது சுற்று முடிந்ததும் எந்தக் கடை கேட்டது, எந்தக் கடை கேட்கவில்லை என்று நூலக வாசல் பலகையில் எழுதிப் போடுவார்கள். அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

முதல் சுற்றில் ஒரே ஒரு சரிதான். அதைப் போட்டபோது குருவியின் பேனா தேவைக்கு மேல் அழுத்தியது.

மறுநாள் அவள் பல் துலக்கும் பிரஷ் வாங்க அந்தக் கடைக்குப் போனாள். அதற்கு மறுநாள் சோப்பு. அப்புறம் நூல்கண்டு. அப்புறம் மறுபடியும் பிரஷ்...

"பல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவ, வாரத்துக்கு மூணு பிரஷ் கடையில வாங்கறியாமே," என்றார் டிரைவர் அக்கா. "பல்லு எத்தனை வரிசை உனக்கு?"

"தேய்ஞ்சு போகுதுக்கா."

"எது? செருப்பா?"

அவள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

கடைக்காரன் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் பேசினால் ஒவ்வொரு சொல்லும் அவளோடு வீடுவரை நடந்து வந்தது. ஒருநாள் மிட்டாய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்த சிகரெட் அடுக்கை எடுத்துத் தன் முதுகுப்புறம் உயரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். பீர் பாட்டில்களைச் சோடா பாட்டில்களிலிருந்து பிரித்துப் பூட்டுப் போட்ட பெட்டிக்கு மாற்றினான்.

"யாரு சொல்லி இதெல்லாம்?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. இந்த மேசைக்குப் பின்னாடிதான் நான் ஆரம்பிச்சேன். பதினாலு வயசு. அப்பா சாப்பிடப் போன நேரம், ஒரு பாக்கெட்டுல இருந்து ஒண்ணே ஒண்ணு... அதை விடறதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? ஒன்பது." அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "கை எட்டற உயரத்துல இருந்துச்சு. அதுதான் காரணம்... வேற பெரிய காரணமெல்லாம் இல்ல."

அன்று அவள் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டாள். பாதி வழியில்தான் நினைவு வந்தது. நல்லதாகப் போயிற்று, நாளைக்கும் போகலாமே... என்று மனசு துள்ளியது.

இரண்டாவது சுற்றுக்குப் போனது குருவி இல்லை. தையல் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். பத்தொன்பது முடிந்தவள், பார்க்கப் பதினைந்துதான் மதிப்பார்கள். நூலக அறையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு கடையாகச் சொல்ல, குருவி எழுதிக்கொண்டு வந்தாள். இம்முறை எட்டுக் கடைகளில் வயது கேட்டிருந்தார்கள். மூன்றில் கேட்கவில்லை. மூன்றாவது, பள்ளிக்கூடத்து மூலைக் கடை. அவனுடையது.

பேனா நின்றது.

"அங்க கேட்டிருப்பாரே..."

"அவர் இல்லக்கா. ஒரு அம்மா இருந்தாங்க. ரெண்டு பீர், அப்பாவுக்குன்னு சொன்னேன். பை வேணுமான்னு மட்டும்தான் கேட்டாங்க."

டிரைவர் அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். "நீ எழுத வேண்டாம். குடு, நான் எழுதறேன்."

"வேண்டாம்க்கா. அவரு கடைங்கறதுக்காக விட்டா, மத்த ரெண்டு பேரோட முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

எழுதினாள். எழுதி முடித்த கையோடு கடைக்கு ஓடினாள். பலகையைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது, தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று.

சாயங்கால நேரம். கடையில் நல்ல கூட்டம். அவன் அம்மா ஒருபுறம் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் மேசையோரம் நின்று தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். குழு, இரண்டு சுற்று, தையல் கடைப் பெண், பீர், பலகை... முடித்ததும் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப அன்னிக்கு மழையில வந்ததும் சோதனைதானா?"

"ஆமா."

"அதுக்கப்புறம் தினமும் வந்ததும்?"

இல்லை... இல்லவே இல்லை... சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பின்னால் நாலு பேர் காது கொடுத்து நிற்கிறார்கள். அவன் அம்மா வேறு சில்லறையோடு கையை அந்தரத்தில் நிறுத்திப் பார்க்கிறார். இதை எப்படி இங்கே, இத்தனை பேர் நடுவில்... அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். கண்களில் இருந்த வெளிச்சத்தை யாரோ அணைத்தது போல இருந்தது.

"எழுதுங்க," என்றான். "நடந்ததைத்தானே எழுதறீங்க. அடுத்து யாரு? உங்களுக்கு என்ன வேணும் சார்?"

அதோடு முடிந்தது.

பலகையில் பெயர் ஏறியது. குருவி வேறு தெரு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அது சுற்று வழி, கால் மணி கூடுதல். திரும்பும்போது மட்டும் பேருந்தில் ஏறிவிடுவாள். பேருந்து அந்த மூலையில் திரும்பும். சரியாக மூன்று நொடி கடை தெரியும். முதல் நொடியில் வாசல், இரண்டாவதில் மேசை, மூன்றாவதில் அவன்... சில நாள் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருப்பான். சில நாள் முதுகு மட்டும். ஒருநாள் யாரோ ஒரு சின்னப் பெண்ணிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் இருக்கையில் டிரைவர் அக்கா இருக்கும் நாட்களில் அந்தத் திருப்பத்தில் பேருந்து தவழ்ந்து போகும்.

வீட்டில் பிரிக்காத பிரஷ்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. தூக்கிப் போடவும் மனசில்லை, எடுத்துத் தேய்க்கவும் மனசில்லை. ஒரு வார்த்தை... ஒரே ஒரு 'இல்ல'. அதைச் சொல்ல வக்கில்லாமல் நின்றேனே என்று தலையணையிடம் சொல்லிக்கொள்வாள். தலையணைக்கு எல்லாம் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

இப்படி ஏழு வாரம் போன பிறகு, ஒரு மதியம் மருத்துவமனைக்கு ஒரு பள்ளி மாணவி வந்தாள். பதினாறு வயது. கூட யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவள் வாயைத் திறக்காமல் தயங்கினாள்.

"திட்டுவீங்களா?"

"திட்டறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறதில்ல. வாயைத் திற."

கறை இருந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு வருஷம்... இப்ப விட்டுட்டேன். பதினெட்டு நாளாச்சு. மூலைக் கடை அண்ணன்கிட்ட கேட்டேன், குடுக்கல. போன்னு விரட்டவும் இல்ல. உக்கார வச்சு, அவர் எப்படி ஆரம்பிச்சார், எப்படி விட்டார்னு எல்லாம் சொன்னார். தினமும் ஸ்கூல் விட்டதும் வந்து எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லிட்டுப் போன்னார்." அந்தப் பெண் கொஞ்சம் நிமிர்ந்தாள். "பல்லைப் பார்த்து வீட்டுல கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயமா இருக்குன்னு சொன்னேன். பல் ஆஸ்பத்திரியில குள்ளமா ஒரு அக்கா இருப்பாங்க, அவங்ககிட்ட போ, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க, உன்னை அசிங்கப்படுத்தவும் மாட்டாங்கன்னு சொன்னார்."

குருவி சட்டென்று எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவிய கையையே மறுபடியும் கழுவினாள். கண்ணில் நிறைந்ததை யாரும் பார்க்காமல் துடைக்க அதுதான் வழி.

அன்று வேலை முடிந்ததும் அவள் சுற்று வழியில் போகவில்லை.

கடையில் அவன் இல்லை. அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வந்துட்டியா? ரெண்டு மாசமா உன்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்."

"திட்டுங்கம்மா. கேட்டுக்கறேன்."

"தப்பு பண்ணினது நான்தான். அப்பாவுக்குன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். என் வீட்டுக்காரர் காலத்துல அப்படித்தானே... இவனும் இந்தக் கடையிலதான் கெட்டான், அது தெரிஞ்சும் புத்தி வரல." அவர் குரல் இறங்கியது. "பலகையில பேரு வந்த அன்னிக்கு, அவ உருப்படுவாளான்னு நான் கத்தறேன். இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'நம்ம கடைங்கறதுக்காக அவ மறைச்சிருந்தா, அதுக்கப்புறம் அவளை எனக்குப் பிடிச்சிருக்காதும்மா'ன்னான். அப்படின்னா என்ன அர்த்தம்னு யோசிச்சேன். இப்பவும் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஏண்டா மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கேன்னா, வாயைத் திறக்க மாட்டேங்கறான். எங்க குடும்பத்துக்கே வீம்பு ஜாஸ்தி."

அவள் பதில் சொல்வதற்குள் பின்கட்டுக் கதவு திறந்தது. இரு கைகளிலும் சோப்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவன் வந்தான். பார்த்தான். அப்படியே நின்றான். பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை அவனுக்கு.

"நான் கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்," என்று அம்மா எழுந்தார். "கால் மணி நேரம். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிச்சிருங்க. வியாபார நேரம்." போகிற போக்கில் 'மூடியுள்ளது' அட்டையைக் கதவில் திருப்பி மாட்டிவிட்டுப் போனார்.

அவள் ஆரம்பித்தாள். இல்லாவிட்டால் மறுபடியும் வாயை மூடிக்கொண்டுவிடுவோம் என்று பயம்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லல... கூட்டத்துல வெட்கமா இருந்துச்சு. முதல் நாள் வந்தது சோதனைக்குத்தான். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் உங்களைப் பார்க்கத்தான். எங்க வீட்டுல வந்து பாருங்க, இருபத்திமூணு பிரஷ் பிரிக்காம கிடக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். சொல்லிட்டேன். இப்ப திட்டறதுன்னா திட்டுங்க."

அவன் மெல்லப் பெட்டியை இறக்கி வைத்தான்.

"நீங்க பேசாம நின்னீங்க. நானே ஒரு பதிலை எழுதிக்கிட்டேன்... அப்புறம் கேக்கப் பயம். கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?" அவன் சிரிக்க முயன்றான். "ஏழு வாரமா வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், நீங்கதான்னு தலையைத் தூக்குவேன். எத்தனையோ பேரு, நான் அவங்களைப் பார்த்துத்தான் முகம் மலர்ந்தேன்னு நினைச்சிருப்பாங்க பாவம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றான். குரல் மாறியிருந்தது. "பலகையில பேரு வந்த அன்னிக்கு ஒண்ணு பத்த வச்சேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம். பாதியில அணைச்சுட்டேன். ஆனா பத்த வச்சது வச்சதுதான். உங்ககிட்ட அனுப்பின அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயும் அதைச் சொல்லித்தான் பேசினேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

அவள் ஓரடி கிட்டே வந்தாள்.

"மறுபடி தோணுமா?"

"தோணும்."

"தோணினா என்கிட்ட சொல்லுங்க. எப்ப தோணினாலும். திட்ட மாட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்களில் முதல் நாள் பார்த்த அதே வெளிச்சம்... இல்லை, அன்றைக்கு இத்தனை இல்லை.

"எனக்கு உங்களை எவ்வளவு பிடிக்கும்னு சொல்லத் தெரியல," என்றான். "இப்பவே ஒண்ணு தோணுது. சொல்லட்டுமா?"

"சிகரெட்டா?"

"இல்ல... நாளைக்கும் வருவீங்களான்னு கேக்கணும்னு."

வெளியே யாரோ கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, அட்டையைப் படித்து, முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய், அவன் இறக்கி வைத்த பெட்டியைத் திறந்து, சோப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். அவன் வாங்கி அடுக்கினான். மூன்றாவதைக் கொடுக்கும்போது அவன் சோப்பை வாங்கவில்லை; விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கா..." என்றாள் அவள், கையை விடுவித்துக்கொள்ளாமல். "நான் இன்னும் போகவே இல்லையே."