பதினொரு விநாடி

காலை ஆறரைக்கு அப்பா கேத்திலைப் போடுவார். ஆறே முக்காலுக்கு ஆரணன் அண்ணாவின் அறைக் கதவை இரண்டு தரம் தட்டுவார். ஏழு மணிக்கு நான்கு துண்டு பாண் வாட்டுவார். கோசிகாவுக்கு இரண்டு, அண்ணாவுக்கு இரண்டு. அப்பாவுக்குத் தேநீர் மட்டும்.

எட்டு மணிக்குக் கோசிகா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்காருவாள். அப்பா குனிந்து அவளுடைய சப்பாத்து நாடாக்களைக் கட்டிவிடுவார். அவளுக்குப் பத்து வயது. நாடா கட்ட நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்பா கட்டுவார், அவளும் காலை நீட்டுவாள்.

பிறகு அப்பா கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோ பார்ப்பார். பதினொரு விநாடி. முடிந்ததும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வெளிக்கிடுவம்" என்பார்.

அந்த வீடியோவில் அம்மா பச்சைக் கோட்டுடன் லண்டனின் லூயிஷாம் ரயில் நிலையத்தில் நிற்பார். கமராவைப் பார்த்து ஏதோ சொல்வார். அதே நேரம் பின்னால் ஒரு ரயில் நிற்காமல் பாய்ந்து போகும். தடதடவென்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். அம்மா கையை நீட்டிக் கீழே எதையோ காட்டுவார். அதோடு வீடியோ முடிந்துவிடும்.

அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவரை எடுத்த கடைசி வீடியோ அதுதான். அதில் அவர் என்ன சொன்னார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்று கோசிகாவும் பக்கத்தில்தான் நின்றாள். ரயில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நீங்கள்தானே படம் பிடிச்சீங்கள். உங்களுக்கும் கேக்கேல்லையோ?" என்று ஒருமுறை அப்பாவைக் கேட்டாள்.

"கேக்கேல்லை. பிறகு கேப்பம் எண்டு இருந்தன். அதுக்குள்ள எங்கடை ரெயின் வந்திட்டுது."

அப்பா அவ்வளவுதான் பேசுவார்.

"பிளாட்போமிலை இருக்கிற மஞ்சள் கோடு தாண்டாதேங்கோ எண்டு சொல்லியிருப்பா. அதுதான் கீழ காட்டுறா" என்பான் அண்ணா.

"சாப்பாட்டுப் பை எங்கை எண்டு கேட்டிருப்பா" என்பாள் கோசிகா.

இரண்டும் ஊகம்தான்.

*

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மூவரும் ஒரு பெரிய கணினிக் கடைக்குப் போனார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் அனிமேஷன் படிக்கத் தொடங்கியிருந்தான். அவனுடைய பழைய மடிக்கணினியில் ஒரு பந்து உருள்வதைச் செய்து பார்ப்பதற்கே அரை மணி நேரம் பிடித்தது. அதனால் இரண்டு வருடமாக வார இறுதிகளில் துணிக்கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு கேமிங் லாப்டாப் வாங்க வந்திருந்தான்.

லாப்டாப்பின் மூடிமேல் நெருப்புக் கக்கும் பறவைப் படம் ஒன்று இருந்தது. விசைப்பலகை சிவப்பாகி, நீலமாகி, பச்சையானது.

"படிக்கிறதுக்கு ஏன் இவ்வளவு லைற்?" என்று அப்பா கேட்டார்.

"அது சும்மா வாறது அப்பா. உள்ளுக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் கார்ட்தான் முக்கியம்."

அப்பா சார்ஜரைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது செங்கல்லோ?"

கோசிகா லாப்டாப்பின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "ஏன் இதிலை இவ்வளவு ஓட்டை? ஏன் ரெண்டு விசிறி? விசிறி எந்தப் பக்கம் காத்தை இழுக்குது?"

கடைக்காரர் முதல் இரண்டு கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஏழாவது கேள்வி வந்தபோது, யாரோ கூப்பிட்டதுபோல வேறு பக்கம் போய்விட்டார்.

அண்ணா மாணவர் அட்டையைக் காட்டினான். விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். வீட்டுக்கு வரும்வரை பெட்டியை மடியிலிருந்து அவன் இறக்கவே இல்லை.

வீட்டு வாசலில் தவநாயகி மாமி காத்துக்கொண்டு நின்றார். அப்பாவின் அக்கா. செய்தி கேள்விப்பட்டு சட்டன் என்ற ஊரிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். ஒரு கையில் சந்தனச் சிமிழ். மறு கையில் தேசிக்காய்.

"தேசிக்காய் என்னத்துக்கு மாமி?" என்றான் அண்ணா.

"புதுச் சாமான் எல்லோ? கார் வாங்கினா தேசிக்காய்க்கு மேல ஏத்துறேல்லையே?"

"இதுக்குச் சில்லு இல்லையே மாமி!"

மாமி லாப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சில்லு இல்லைதான். தேசிக்காயைப் பக்கத்தில் வைத்தார். நெருப்புப் பறவையின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார். "இப்ப திற. நல்ல நேரம் இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

அண்ணா திறந்தான். அது 'வணக்கம்' சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் எதையோ பதிவிறக்கம் செய்துகொண்டே இருந்தது. நல்ல நேரம் போய்விட்டது. மாமி தேசிக்காயைத் தண்ணீரில் பிழிந்து எல்லோருக்கும் குடிக்கக் கொடுத்தார்.

*

அண்ணா சட்டம் போட்டான். "சாப்பிட்ட கையோட தொடக்கூடாது. திரையைத் தொடக்கூடாது. பக்கத்தில நிண்டு மூச்சு மட்டும் விடலாம்."

கோசிகா மூச்சு மட்டும் விட்டாள்.

மூன்றாம் நாள் அண்ணா கட்டிலில் போர்வையின்மேல் லாப்டாப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். அது ஊளையிடத் தொடங்கியது. பிறகு சூடானது. பிறகு ஆமை மாதிரி ஊர்ந்தது.

"ஐயோ, பழுதாப்போச்சு! திருப்பிக் குடுக்கோணும்!" என்று அண்ணா தலையில் கை வைத்தான்.

கோசிகா ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து லாப்டாப்பின் பக்கத்தில் பிடித்தாள். காகிதம் வெளிப்பக்கம் படபடத்தது. காற்று இந்த வழியாக வெளியே வருகிறது. அப்படியானால் எந்த வழியாக உள்ளே போகிறது?

"அண்ணா, அடியிலை இருக்கிற ஓட்டை எல்லாத்தையும் போர்வை மூடிக்கொண்டு கிடக்கு. அதுக்கு மூச்சு முட்டுது."

அவள் சமையலறைக்கு ஓடினாள். இரண்டு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகளோடு வந்தாள். மேசைமேல் அவற்றைக் கவிழ்த்து, லாப்டாப்பை அவற்றின்மேல் வைத்தாள். ஐந்து நிமிடத்தில் ஊளைச் சத்தம் நின்றது.

அண்ணா லாப்டாப்பின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். "சரி. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நீ பாவிக்கலாம். கையைக் கழுவிப்போட்டு."

அந்த வெள்ளிக்கிழமை மாலை அண்ணா தன் நண்பன் டெனுசனோடு இணையத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா சமையலறையில் மிக்ஸியில் சம்பல் அரைத்தார். வீடே அதிர்ந்தது.

"மச்சான், சொரி. அப்பா மிக்ஸி போட்டிட்டார்" என்றான் அண்ணா.

"என்ன மிக்ஸி? ஒண்டும் கேக்கேல்லையே. உன்ரை குரல் மட்டும்தான் கேக்குது" என்றான் டெனுசன்.

கோசிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதெப்பிடி?"

"இதிலை இரைச்சலை எடுத்துவிடுற ஒரு செயலி இருக்கு" என்றான் அண்ணா. "ஆயிரக்கணக்கான சத்தங்களைக் கேக்க வைச்சு, எது மனுசக் குரல், எது வெறும் இரைச்சல் எண்டு அதுக்குப் பழக்கியிருக்கினம்."

"தும்மினா அது குரலோ, இரைச்சலோ?"

"தெரியாது."

தெரியாது என்றால் பார்த்துவிட வேண்டியதுதான். அடுத்த அரை மணி நேரம் கோசிகா தும்மினாள். கை தட்டினாள். சட்டியைத் தட்டினாள். வக்யூம் கிளீனரை அறைக்குள் இழுத்து வந்து, அதை ஓடவிட்டபடி வாய்ப்பாடு சொன்னாள். பதிவைப் போட்டுக் கேட்டபோது வக்யூம் கிளீனரைக் காணவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு மட்டும் இருந்தது.

அவள் வக்யூம் கிளீனரைப் பார்த்தாள். லாப்டாப்பைப் பார்த்தாள்.

"அண்ணா, இது ரெயினையும் எடுத்துவிடுமோ?"

அண்ணாவுக்கு உடனே புரிந்தது. அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான்.

"அப்பாட்டை போனை வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்றான்.

"வேண்டாம்" என்றாள் கோசிகா. "முதலிலை பழகிப் பாப்பம். அம்மாவின்ரை குரலை வைச்சுப் பழகக்கூடாது. என்ரையிலை பழகுவம்."

*

மறுநாள் காலை இருவரும் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அண்ணா தன் கைப்பேசியில் படம் பிடித்தான். நிற்காத ரயில் ஒன்று வரும்வரை காத்திருந்து, அது பாயும்போது கோசிகா பேசினாள். கத்தவில்லை. அம்மா பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசினாள்.

வீட்டில் லாப்டாப்பின் மைக்குக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்து அந்த வீடியோவை ஓடவிட்டார்கள். எவ்வளவு இரைச்சலை எடுக்க வேண்டும் என்று சொல்ல, செயலியில் ஒரு கோடும் அதன்மேல் நகரும் புள்ளியும் இருந்தன. இடக்கோடியில் பூச்சியம், வலக்கோடியில் நூறு. அண்ணா புள்ளியை நூறில் வைத்தான்.

ரயில் இல்லை. கோசிகாவும் இல்லை. அமைதியாக இருந்தது.

"ரெயினோட சேத்து உன்னையும் எறிஞ்சு போட்டுது" என்றான் அண்ணா.

கோசிகா திரைக்குக் கிட்டப் போனாள். அம்மாவையும் இப்படித்தான் எறிந்துவிடுமோ?

புள்ளியை எழுபதுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டாள். ஒரு எழுத்து, இடையில் மௌனம், மறுபடி ஒரு எழுத்து. ஐம்பதுக்கு இழுத்தாள். பாதிச் சொற்கள் வந்தன.

"கொஞ்ச இரைச்சல் கிடந்திட்டுப் போகட்டும்" என்று நாற்பதுக்கு இழுத்தாள்.

ரயில் மெல்லிதாக ஓடியது. அதன் மேலே கோசிகாவின் குரல் பளிச்சென்று கேட்டது. "அப்பா வைக்கிற பருப்பிலை உப்பே இல்லை. ஆனா நாங்கள் சொல்லுறேல்லை."

"அப்பிடியோ?"

இருவரும் திரும்பினார்கள். கதவருகே அப்பா அகப்பையோடு நின்றார்.

கோசிகா எல்லாவற்றையும் சொன்னாள். மிக்ஸி, வக்யூம் கிளீனர், ரயில் நிலையம், நாற்பது. கடைசியாக, "உங்கடை போன் வேணும் அப்பா" என்றாள்.

அப்பா அகப்பையை மேசைமேல் வைத்தார்.

"என்னத்துக்கு? சும்மா எதையாவது சொல்லியிருப்பா."

"அந்தச் சும்மா எதையாவதைத்தான் நான் கேக்கோணும். உங்களுக்கு வேண்டாமெண்டா விடுவம் அப்பா."

சமையலறையில் பருப்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. அப்பா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கைப்பேசியை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கோசிகா ஜன்னலைச் சாத்தினாள். இடியப்பத் தட்டுகளைச் சரி பார்த்தாள். "அண்ணா, மூச்சு விடாதை" என்றாள்.

அண்ணா மூச்சை அடக்கிக்கொண்டான்.

பதினொரு விநாடி. பதிவு முடிந்தது. அவள் அதை ஓடவிட்டாள்.

ரயில் வந்தது. ஆனால் இந்த முறை அது இரண்டு தெரு தள்ளிப் போனது. இந்தப் பக்கம், அறைக்குள்ளேயே நின்று பேசுவதுபோல, அம்மா பேசினார்.

அண்ணாதான் முதலில் சிரித்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தான். கோசிகா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அப்பாவும் அவள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிப் போடு" என்றார் அப்பா.

கோசிகா திருப்பிப் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, படம் பிடிச்சது காணும், போனை வையுங்கோ. பிள்ளையின்ரை சப்பாத்து நாடா அவிண்டு கிடக்கு. குனிஞ்சு ஒருக்காக் கட்டி விடுங்கோ."